ஹீட்டர் வால்வும் சித்தப்பாவின் புதுச்சட்டையும்

கோயமுத்தூரில் சித்திரை வெயிலிலும் ஹீட்டர் ஓடிய கார் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊட்டி எஸ்டேட் ஒன்றிலிருந்து அப்பா வாங்கி வந்த பழைய கார். எஞ்சினைச் சுற்றிய சுடுதண்ணீர் ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, முன்சீட்டின் எதிரே இருந்த தகரப்பெட்டியைச் சூடாக்கிவிட்டுத் திரும்பிப் போகும். அதை நிறுத்தும் வால்வை முந்தைய சொந்தக்காரர் கழற்றிவிட்டிருந்தார். வண்டி ஓடினால் கால் வெந்துவிடும்.

சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கத் தாராபுரம் போக நாள் குறித்ததும் இது பெரிய கவலையானது. முன்பு பார்த்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. இந்த முறை அவர் வெள்ளைச் சட்டை ஒன்று புதிதாகத் தைத்திருந்தார்.

"நம்மூருக்கு எதுக்குங்கண்ணா ஹீட்டரு? ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சுப்போடுங்க."

"ஊட்டிக்குப் போறப்ப உங்க அண்ணி குளுருல நடுங்கறதுக்கா?" என்றார் அப்பா.

சித்தப்பா தோட்டத்துக் குழாயில் போடும் பிளாஸ்டிக் வால்வு ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத் திருப்பினார். கைப்பிடி வளைந்துகொண்டது. பிறகு உக்கடம் போய்ப் பித்தளை வால்வு வாங்கி வந்தார். அதன் நீளக் கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. புகைக்குழாயை உரசிக்கொண்டிருந்த ஹோஸை ஒதுக்கி, மடிப்பு விழாமல் வளைத்து, பெட்டியின் பக்கத்திலேயே வால்வை மாட்டி, கிளிப்பை முறுக்கினார். கைப்பிடியைக் குறுக்கே திருப்பி ஓட்டிப் பார்த்தால் பெட்டி சுடவே இல்லை.

பெண் பார்க்கப் போன அன்று முன்சீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நான். கைப்பிடி குறுக்கே நிற்கிறதா என்று பார்ப்பதை நானாகவே என் வேலையாக்கிக்கொண்டேன். பல்லடம் தாண்டியதும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

"நிறுத்தி ஆற வெச்சா ராகு காலம் வந்துரும். வால்வத் தொறந்தா சூடு உள்ள வந்து எஞ்சின் தப்பிச்சுரும்," என்றார் அப்பா.

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து கைப்பிடியை நேராகத் திருப்பினார்.

முள் இறங்கியது. நாங்கள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"பொண்ணு பாக்கப் போறமா, என்னைய வேகவெக்கப் போறமாங்கண்ணா?"

"பேசாம வாங்க தம்பி, பவுடர் கரையுது," என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுச்சட்டை சித்தப்பாவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு ஏனுங்க இத்தன வேர்வை?" என்று பெண்ணின் அப்பா கேட்க, "அவருக்குக் கொஞ்சம் கூச்சமுங்க," என்று அம்மா சமாளித்தார். உண்மை தெரிந்தும் வாய் திறக்க வெட்கப்பட்டு நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

காபியோடு வந்த பெண் சித்தப்பாவைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு, பெரியவர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். சித்தப்பா ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொரு செம்பு கொண்டாரட்டுங்களா?"

"கொண்டாங்க."

அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

திரும்பும்போது பொழுது சாய்ந்து குளிர்ந்த காற்று அடித்தது. பாதை காலியாக இருந்ததால் முள்ளும் அசையவில்லை. வால்வை எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள். ஆனாலும் சித்தப்பாவின் நெற்றி வேர்த்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துபோனது. ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டும் இருந்தார். நான் குனிந்து பார்த்தேன். கைப்பிடி குறுக்கேதான் நின்றது. பெட்டியைத் தொட்டேன். சுடவில்லை.

"வால்வு ஒழுகுதுங்கப்பா," என்றேன் மெதுவாக. "சித்தப்பாவுக்கு மட்டும் சுடுது."

பின்சீட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆமா கண்ணு, நாளைக்கு மாத்திப்போடலாம்," என்றார்.

மறுநாள் காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரருகே போய் நின்றேன். யாரும் வரவில்லை. உள்ளே எல்லோரும் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒழுகுகிற வால்வைப் பற்றி ஒருவருக்கும் கவலையே இல்லை.