லேமினேட் செய்த கல்யாணச் சான்றிதழ்

மலேசியாவுக்கு விமானம் ஏறிய அன்று என் கைப்பையில் நகைகளைவிடப் பத்திரமாக இருந்தது எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ்தான். "கடல் தாண்டிப் போற காகிதம், ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்று ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் அம்மா அதை லேமினேட் செய்து கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து அப்பாவின் ஓய்வூதிய உத்தரவு வரை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். மெர்போக் என்ற ஊரில், கணவர் வீட்டுக் கூடத்தில் நான் அதைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். அண்ணி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே, பிளாஸ்டிக்குமேல எப்படிம்மா சாப் குத்துவான்?"

அண்ணி என் கணவரின் அக்கா. சுங்கை பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி. அந்த ஊரில் எழுத்தரை அப்படித்தான் சொல்கிறார்கள்; முத்திரையைச் சாப் என்பதுபோல. எனக்கு முதல் நாளே அவரைப் பிடிக்கவில்லை. மூன்று மாதக் கர்ப்பத்தோடு, வாந்தியும் மயக்கமுமாக வந்து இறங்கியவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் பாஸ்போர்ட்டைக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? என் வருகையாளர் பாஸ் முடியும் தேதியைப் பார்த்து, சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். கிருத்திகைக்கும் அமாவாசைக்கும் நடுவில் நான் நாட்டில் இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் தையல் கடைக்கு ஒத்தாசைக்குக் கூப்பிட்டபோதும் அண்ணிதான் குறுக்கே வந்தார். "இந்தப் பாஸ்ல வேல செய்யக் கூடாதுலா. சும்மா பட்டன் வெச்சுக் குடுத்தாலும் வேலதான்."

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் எங்கள் கல்யாணம். வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்ட மலேசியக்காரர் ஆறு மாதத்துக்குள் இங்கேயும் அதைப் பதிய வேண்டும். என் கணவருக்கு அது தெரியாது. தெரிந்தவர் போல இருந்துவிட்டார் என்பதுதான் இன்னும் சரி. கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தது. பதியாமல் பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் குடிமகன் அல்ல என்று எழுதிவிடவும் கூடும் என்றார் அண்ணி. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது தொடங்கி எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியிருக்கும். அலோர் ஸ்டாரில் பதிவு அலுவலகம் ஏறினோம். தாமதத்துக்கு விளக்கக் கடிதம் கொடுக்கலாம், ஆனால் இந்தியச் சான்றிதழில் இந்திய அதிகாரிகளின் முத்திரைகள் வேண்டும் என்றார்கள். அஞ்சலில் ஊருக்குப் போன சான்றிதழ் போன வேகத்தில் திரும்பியது. பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை குத்த மாட்டார்களாம்.

அதன்பின் அலைந்தது அம்மா. சார்பதிவாளர் அலுவலகத்தில் புது நகலுக்கு மனுக் கொடுத்து, சென்னைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒவ்வொரு முத்திரையாக வாங்கினாள். தலைப்பிரசவத்துக்கு நான் ஏழாம் மாதம் தாய்வீடு போவதாகப் பேச்சு. வளையல்கூட வாங்கி வைத்துவிட்டாள். கணவனும் மனைவியும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், அந்தக் காகிதம் வரும்வரை பாஸை நீட்டித்துக்கொண்டு நான் இங்கேதான் இருக்க வேண்டும். அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் அலைந்தாள்.

ஏழாம் மாதம் பிறந்தது. டிக்கெட் தயாராக இருந்தது, காகிதம் வரவில்லை. அன்று சாயங்காலம் நான் அழுத அழுகையில் கணவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அண்ணி மட்டும் நகரவில்லை. என் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"இது ஒன்னோடது. யாரும் புடிச்சு வெக்கக் கூடாது, அதுவும் சட்டந்தான். போறதுன்னா போ. ஆனா அங்க போய்ப் பெத்தாலும் இந்தக் கல்யாணப் பதிவத்தான் மொதல்ல கேப்பாங்க. புள்ளைக்கி ஊரு வேணுமா, ஒனக்கு அம்மா வேணுமா, நீயே பாத்துக்க."

இப்படி ஒரு கேள்வியை ஒரு கர்ப்பிணியிடம் கேட்கலாமா? இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. டிக்கெட் தேதி தானாகக் கடந்து போனது. காகிதம் எட்டாம் மாதம் வந்தது. வீங்கிய கால்களோடு அலோர் ஸ்டார் போய்க் கையெழுத்துப் போட்டேன். அதன்பின் விமானம் ஏறக் கிளினிக்கில் கடிதம் தர மறுத்துவிட்டார்கள்.

மகள் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். எனக்குப் பத்தியச் சமையல் செய்தது அண்ணி. கைப்பேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, அம்மா அங்கிருந்து சொல்லச் சொல்ல பூண்டுக் குழம்பு வைத்தார். இருவருக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு முறை. நட்சத்திரம் பார்த்து, முப்பதாம் நாள் பெயர் வைக்கலாம் என்றாள் அம்மா. பிறப்பைப் பதியக் கெடு இருக்கிறது, இனி எந்தக் கெடுவையும் தாண்ட விடமாட்டேன் என்றார் அண்ணி. கடைசியில் ஜோசியரைப் போனில் பிடித்து அன்றே பெயருக்கு முதல் எழுத்தை வாங்கினாள் அம்மா. இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். அந்தக் குழம்பின் ருசி என் கைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆனாலும், "அண்ணிதான் என்னைப் போக விடாமல் வைத்துக்கொண்டார்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம் தீர்ந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. அண்ணி ஒருநாளும் மறுத்ததில்லை.

போன மாதம் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. அடையாள அட்டை எடுக்க அவளும் அண்ணியும் நானுமாக அலோர் ஸ்டார் போனோம். இயந்திரத்தில் கட்டைவிரலை அழுத்தியபோது அவள் முகத்தில் அப்படி ஒரு முக்கியத்துவம். வெளியே வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியத்த, இனிமே நானும் பெரிய ஆளுலா" என்றாள். கார் நிறுத்தும் இடத்தில் அவள் முன்னால் ஓட, அண்ணி நின்றுவிட்டார்.

"அன்னிக்கி ஒன்ன ஒங்கம்மாகிட்ட அனுப்பாம புடிச்சு வெச்சிட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துது."

அண்ணி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீங்க எங்க அண்ணி புடிச்சு வெச்சீங்க? பாஸ்போர்ட்ட என் கையிலதான குடுத்தீங்க. நான்தான் இருந்தேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.