கிணறு இல்லாத வீடு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். என்றாலும் சொந்த உழைப்பில் மூன்று வீடு கட்டியவன். பாறசாலையில் பழைய வீடொன்றை வாங்கும் முன் பரிசோதிக்க, மகள் ஒரு இன்ஜினியர் பெண்ணை அனுப்பினாள்.

"பாத்தியா மக்கா, தரை பாறையாக்கும்!" என்று படுக்கையறை நடுவே ஓங்கி மிதித்தேன்.

"மாமா, இந்த வீட்டுக்குக் கிணறு எங்க உண்டு?"

இந்தப் பக்கத்தில் கிணறில்லாத பழைய வீடே கிடையாது. எனக்கு அது தோன்றவேயில்லை. அவள் குனிந்து சுத்தியலால் தட்டினாள். வெறும் பானை போலச் சத்தம் வந்தது.

"மிதிக்காதீங்க! கிணத்துக்க மேலயாக்கும் நிக்குதிய."

அவள் கையைப் பற்றிச் சுவரோரம் நகர்ந்தேன். டைல்ஸைப் பெயர்த்தபோது, துருவேறிய மூடியில் ஓட்டை தெரிந்தது. கல் போட்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்க வெகுநேரமாயிற்று.

பேரப்பிள்ளைகளுக்கென்று நான் நினைத்திருந்த அறை அது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கிணறு எங்கே என்று கேட்கிறேன். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.