மதினியின் கம்பத்தில் தடவிய எண்ணெய்

மதினியின் வலது உள்ளங்கையை மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் துடைத்துவிட்டேன். உடைந்திருந்தது இடது மணிக்கட்டு. அதற்கு அட்டை வைத்துக் கட்டிவிட்டு, ஆபரேஷனுக்கு டாக்டர் வரட்டும் என்று காத்திருந்தோம். ஒன்றும் ஆகாத வலது கையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. பஞ்சால் துடைத்து மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய், அதோடு கற்றாழைச் சாறு. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் அந்த வாசம் தெரியும். உறியடித் திருவிழாவில் வழுக்கு மரத்துக்குத் தடவுகிற கலவை அது. அன்றைக்கு எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது, கம்பத்தில் ஏறி ஆடுகிற ‘போல் டான்ஸ்’ கற்றுக்கொண்டவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் எங்கள் வீட்டு மாடி ஹாலில் ஒரு ஸ்டீல் கம்பம் போடச் சொன்னார். அண்ணனே லேத் பட்டறைக்குப் போய் அளவு சொல்லிச் செய்துகொண்டு வந்தான். அப்போது அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து வாய் வைத்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஆட்டத்தைப் பற்றிக்கூட அவர்கள் பேசவில்லை. டிரவுசரைப் பற்றித்தான் பேச்செல்லாம். அந்தக் கம்பத்தில் துணி நிற்காது, தோல்தான் பிடிக்கும். தொடையும் முழங்கால் மடிப்பும் கம்பத்தில் நேராகப் பட்டால்தான் ஆள் மேலே நிற்க முடியும் என்று மதினி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அத்தனையையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரித்தா, ஒரு பேண்ட்டப் போட்டுக்கிட்டு ஏறக் கூடாதா?" என்பார் பெரியம்மா. கேட்கிற காதாக இருந்தால்தானே சொல்லிப் பயன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் மதினிக்குப் பக்கத்தில் காவல் நிற்பேன். அவர் அப்போது ஹேண்ட்ஸ்பிரிங் என்கிற வித்தையைப் பழகிக்கொண்டிருந்தார். கம்பத்தில் பாதி உயரம் ஏறித் தலைகீழாகத் திரும்பி, ஒரு கையால் மேலேயும் ஒரு கையால் கீழேயும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் கம்பத்தை விட்டு எடுத்து விரிக்க வேண்டும். மேல் கை இழுக்கும், கீழ்க் கை தள்ளும். உடம்பில் வேறெதுவும் கம்பத்தில் படாது. ஒரு காலை எடுத்துவிடுவார். இரண்டாவது கால் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இறங்கி உட்கார்ந்து, "இந்தக் காலுக்கு மட்டும் எம்புட்டு பயம் பாத்தியா" என்று அதைத் தட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு தடவை ஏறும் முன்பும் பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் வீட்டுத் தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கட்டுத்துணியில் ஸ்பிரிட்டை நனைத்துக் கம்பத்தைத் துடைப்பார். விரல் ஈரம் பட்டிருந்தால்கூடக் கை வழுக்கும் என்பார்.

அண்ணன் வழுக்கு மரத்தில் பெரிய ஆள். அவன் என்றுதான் எழுதுவேன். அவர் என்று எழுதக் கை வரவில்லை. கல்லூரி நாளிலிருந்தே தெருவில் அவன்தான் உச்சிக்குப் போய்ப் பரிசு மூட்டையை அவிழ்க்கிறவன். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை எண்ணெய் வழிய, ஆள்மேல் ஆள் ஏறி அவர்கள் சறுக்கிச் சறுக்கி விழுவதைத் தெருவே நின்று பார்க்கும். பெண்கள் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். பெரியம்மா விசில் அடிக்காத குறைதான். அந்தத் தொடைகளைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆண்பிள்ளை எண்ணெய் பூசிய மரத்தில் ஏறினால் அது சாமி காரியம். பெண்பிள்ளை துடைத்து வைத்த கம்பத்தில் ஏறினால் குடும்ப மானம் போய்விடும். இதைச் சொன்னால் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உறியடி முடிந்த மறுநாள் அது, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மதினி கம்பம் முழுவதையும் துடைத்துப் பயிற்சி செய்திருந்தார். பள்ளியில் விளையாட்டு விழா இருந்ததால் அன்றைக்கு நான் போகவில்லை. மதியம் அவர் சாப்பிடக் கீழே இறங்கிய நேரத்தில் அண்ணனும் அவன் சேக்காளிகளும் மாடிக்குப் போயிருக்கிறார்கள். திருவிழாவில் மிஞ்சிய எண்ணெய் ஒரு வாளியில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பத்தில் மதினியின் கைக்கு எட்டாத உயரத்தில் தடவிவிட்டு, அடுத்த ரூமில் ஒளிந்துகொண்டு, போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார்கள். திரும்பி வந்த மதினி கைக்கு எட்டிய உயரம்வரை ஒரு தடவை துடைத்தார். எட்டாத இடத்தைக் காலையில்தானே துடைத்தோம் என்று ஏறிவிட்டார். தலைகீழாகத் திரும்பி மேல் கையை மாற்றிப் பிடித்தபோது அந்தக் கை பிடிக்கவில்லை. கீழே மெத்தை இருந்ததால் கழுத்து தப்பியது. இடது கை மடங்கி உடம்புக்கு அடியில் போய்விட்டது.

அந்த வீடியோவை அண்ணனின் சேக்காளி ஒருவனிடம் சண்டை போட்டு வாங்கிப் பார்த்தேன். "வழுக்கு மரம் ஏறுதா பாரு" என்று அண்ணன் கிசுகிசுக்கிறான். அப்புறம் சிரிப்பு. அப்புறம் மதினி விழுகிற சத்தம். விழுந்த பிறகும் ஒருவனுடைய சிரிப்பு கொஞ்சம் நீள்கிறது. அந்த மிச்சச் சிரிப்புதான் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். "கை வழுக்கிருச்சு சார்" என்றான் அண்ணன். "வழுக்கல டாக்டர். எண்ணெ தடவிவிட்டாங்க" என்றேன் நான். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, "ஏட்டி, வெளையாட்டுக்குச் செஞ்சத ஊரெல்லாம் சொல்லுவியா?" என்றாள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பையோடு வந்து ஒரே பாட்டைப் பாடினார்கள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை. ஒருத்தர்கூட, அந்த ஆம்பளைக்கு எதுக்கு அந்த வேலை என்று கேட்கவில்லை. மதினியின் கையில் தகடு வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அதே நாளில் அண்ணன் ஆள் விட்டுக் கம்பத்தைக் கழற்றிவிட்டான். "அவ பாதுகாப்புக்குத்தாம்" என்று சொன்னான். எண்ணெய் தடவியதைக்கூட ஒருநாள் நான் மறந்துவிடலாம். இந்தப் பாதுகாப்பை மறக்கவே மாட்டேன்.

மதினி வீட்டுக்கு வந்து, கம்பம் இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்ததைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டார். தறிக்கூடத்தில் தார்ப்பாயைத் தாங்க முட்டுக் கொடுத்திருந்த அந்தக் கம்பத்தை நான் போய் உருவிக்கொண்டு லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். தடுக்க வந்த அண்ணனை ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிக்கொண்டான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு பாய், பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மாடியில் கம்பம் போடலாமா என்று கேட்டதற்கு, "காங்கிரீட்டு தாங்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார். தாங்கும் என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டார்.

கை தேறிவிட்டது. மனம்தான் தேறவில்லை. மதினி ஏறுவார், தலைகீழாகத் திரும்புவார், மேல் கையை வைத்தவுடன் உடம்பு முழுக்க நடுங்கும். நான் இடுப்பைத் தாங்கினால் கால்களை எடுப்பார். என் கை விலகினால் உடனே கம்பத்தைக் கவ்விக்கொள்வார். "என் கையவே நம்ப முடியலடி. இதோட விட்டுரவா?" என்று ஒருநாள் அழுதார். அண்ணன் அவரிடமிருந்து பறித்தது அதைத்தான். எலும்பை ஒட்டிவிடலாம், இதை எந்த டாக்டர் ஒட்டுவார்?

போன மாதம் அண்ணனும் அம்மாவும் அழைத்துப் போக வந்தார்கள். அடுத்த உறியடி நெருங்குகிறது, தெருவில் நாலு பேர் கேட்பார்கள், அதுதான் காரணம். நாங்கள் மாடியில் இருந்தோம். மதினி அப்போதுதான் கம்பத்தை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு ஏறத் தயாராக நின்றார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "வா, வீட்டுல இதவிட நல்ல கம்பமாப் போட்டுத் தாரேன். நடந்தது நடந்துபோச்சு" என்றான். நடந்ததாம். தானாக நடந்த மாதிரி.

மதினி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்பிரிட் துணியை எடுத்து, உச்சியிலிருந்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

"இப்பத்தான தொடச்ச? திருப்பி எதுக்குத் தொடைக்கே?" என்றாள் அம்மா.

"அவிய உள்ள வந்துட்டாகல்ல அத்தை" என்றார் மதினி.

அண்ணன் முகம் செத்துப்போனது. மதினி ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஏறினார். தலைகீழாகத் திரும்பி மேல் கையை வைத்தார். கை நடுங்கியது. அண்ணன் தாங்கப் போகிறவன்போல ஓரடி முன்னால் வந்தான். வழக்கமாக நான் மதினியின் இடுப்புக்குப் பக்கத்தில் நிற்பேன். அன்றைக்கு நிற்கவில்லை. அவரை விட்டுவிட்டு, அண்ணனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் முதல் கால் கம்பத்தை விட்டு வரும் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டாவது காலும்.