பரியாரி எண்ணெயும் சேம்பர் கதவும்

1. முதல் நாள்

திருகோணமலைத் துறைமுகத்தில் கடலடி வேலை செய்த ஒரு கொம்பனியில் சேம்பர் பார்த்தவன் நான். எழுபதுகளில் அங்கே சுழியோடிகளைப் பழக்கியதும் நான்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். புத்தகத்தில் இருப்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

சேம்பர் என்பது படுக்க வைத்த கொதிகலன் மாதிரி ஓர் இரும்பு உருளை. வெள்ளைக்காரன் நேவி விட்டுப் போனது. உள்ளே உட்கார இரண்டு வாங்கு, ஒட்சிசன் மாஸ்க், பார்ப்பதற்கு ஒரு தடித்த கண்ணாடி. கதவைப் பூட்டிக் காற்றை ஏற்றினால் கடலடி அமுக்கம் கரையிலேயே கிடைக்கும். ஆழத்தில் வேலை செய்தவன் அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த காற்று குமிழியாகி மூட்டில் நிற்கும். அது நோவு. முள்ளந்தண்டில் நின்றால் கால் போய்விடும். அவனைத் திரும்ப அமுக்கத்தில் வைத்து, ஒட்சிசன் கொடுத்து, மெல்ல மெல்ல வெளியே எடுப்பதுதான் மருந்து.

என்னிடம் வந்தவர்கள் எட்டுப் பேர். கிண்ணியாவிலும் மூதூரிலும் சங்கு குளித்தவர்கள். முதல் நாள் அவர்களை உள்ளே வைத்து அறுபது அடி அமுக்கம் ஏற்றினேன். அந்த அமுக்கத்தில் குரல் மெலிந்து மூக்கால் வரும். ஒருவன் குரலைக் கேட்டு மற்றவன் சிரித்தான். வெளியே வந்ததும் மஜீத் என்பவன் கேட்டான்:

"மாஸ்டர், நாங்க வாப்பாமாரோட கடல்ல முழுகி வளந்தவங்க. இந்தப் பீப்பாவுக்குள்ள இருந்தா இனிப் படிக்கோணும்?"

"நீ முழுகினது ஒரு மூச்சில. இப்ப பைப்பால மணித்தியாலக் கணக்கில காத்துக் குடிக்கப் போறாய். கடல் பழைய கடல்தான். உன்ர இரத்தம்தான் வேற" என்றேன்.

அவன் நம்பவில்லை.

2. இரண்டு சட்டங்கள்

என் சட்டம் ஒன்றுதான். எண்ணெய் பூசியவன் சேம்பருக்குள் வரக்கூடாது. ஒட்சிசன் உள்ள இடத்தில் எண்ணெய் இருந்தால் தீ சட்டென்று பிடிக்கும். பூட்டிய இரும்புக்குள் தீ பிடித்தால் கதவைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. ஆகவே குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, நான் கொடுக்கிற பருத்திச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். கதவடியில் நின்று ஒவ்வொருவன் தலையையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். எனக்குப் பின்னால் என்னைப் பூனை என்றார்கள். சொல்லட்டும். ஒருவனும் எரியவில்லை.

மற்றச் சட்டம் மனேஜருடையது. அவர் ஓர்ஸ் ஹில்லிலிருந்து காரில் வருகிறவர். தலையைக்கூடக் கடலில் நனைத்ததில்லை. வைத்தியத்துக்கென்று சேம்பருக்குள் போனவனின் பெயர் சுழியோடிப் பட்டியலிலிருந்து வெட்டப்படும், அவன் கரையில் கயிறு இழுக்கலாம் என்று ரைப் அடித்து ஸ்டோர் கதவில் ஒட்டியிருந்தார். என் வேலைக்காலத்தில் அதைவிட முட்டாள்தனமான கடதாசியை நான் கண்டதில்லை. நோவைச் சொன்னால் வேலை போகும் என்றால் எவன் சொல்வான்? ஊருக்குப் போய் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியிடம் எண்ணெய் வாங்கித் தேய்ப்பான். குமிழியை எண்ணெய் என்ன செய்யும்?

3. மோந்து பிடித்தது

ஜெட்டியடியில் தண்ணீருக்குள் தாண்டு கிடந்த ஒரு சரக்குப் பார்ஜை வெட்டி எடுக்கிற வேலை வந்தது. மஜீதும் அவன் மச்சான் லத்தீபும் சோடியாக இறங்கினார்கள். ஒரு நாள் மஜீத் மேலே வரும்போது குமிழி பிடிக்காமலிருக்க வழியில் நிற்க வேண்டிய தரிப்பில் முழு நேரமும் நிற்கவில்லை. கிரேன் காத்துக்கொண்டிருக்கிறது என்று மனேஜர் கயிற்றை இழுக்கச் சொல்லியிருந்தார். அன்று நான் அந்த இடத்தில் இல்லை.

அடுத்த நாள் காலையில் சேம்பர்ப் பயிற்சி. மஜீத் குளித்த தலையோடுதான் வந்தான். ஆனால் கிட்ட வந்ததும் வேப்பெண்ணெயும் கற்பூரமும் மணத்தது. கையைத் தூக்கு என்றேன். இடது கையைத் தூக்கினான். மற்றக் கை என்றேன். மச்சானைப் பார்த்தான்.

"வாய்வுப் பிடிப்பு மாஸ்டர்" என்றான் லத்தீப். "நேத்துப் பின்னேரம் நான்தான் தேய்ச்சு விட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இருவரையும் நன்றாக ஏசினேன். மஜீத் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"பேரை வெட்டிப் போடுவாங்க மாஸ்டர். எனக்கு மூணு புள்ள. வைத்தியம் எண்டு எழுதாதீங்க, ட்ரெயினிங் எண்டு எழுதுங்க. உள்ள போறன்."

முதலில் எண்ணெயைக் கழற்று என்றேன். ஒரு சோப்புக்குப் போகிற எண்ணெய் இல்லை அது. குசினியிலிருந்து கடலைமா எடுப்பித்து இரண்டு தரம் தேய்த்துக் கழுவினோம். உள்ளே துணைக்கு இருக்கப் போகிற லத்தீபின் கைகளையும் கழுவினோம். மூன்றாம் தரம் மோந்த பிறகுதான் கதவைப் பூட்டினேன். அறுபது அடியில் ஒட்சிசன் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் மஜீத் கண்ணாடிக்கு நேரே வலது கையை உயர்த்திக் காட்டினான்.

4. பேனை

இரண்டு மணித்தியாலம் போக மனேஜர் வந்தார்.

"நோவு போயிட்டுதெல்லே? வெளியில எடு. இதுக்குக் காத்தடிக்கிற கொம்பிரஷர் எனக்கு வேணும். கிரேன் நிக்குது."

"ஏலாது சேர். அட்டவணைப்படி இன்னும் ரெண்டரை மணித்தியாலம் கிடக்கு. இப்பத் திறந்தால் போன நோவு திரும்பி வரும். மூட்டுக்குத்தான் வரும் எண்டில்லை."

"நான் ஓடர் போடுறன்."

லொக் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துப் பேனையையும் நீட்டினேன்.

"நல்லது. நான் சொல்லித் திறந்தது எண்டு இதில எழுதி, உங்கட பேரைப் போடுங்கோ. பிறகு உங்கட கையாலயே வால்வைத் திறவுங்கோ. நான் தள்ளி நிக்கிறன்."

உண்மையில் நான் தள்ளி நின்றிருக்க மாட்டேன். வால்வில் கை வைத்திருந்தால் கையை முறித்திருப்பேன். அவர் பேனையை வாங்கினார். கண்ணாடிக்குள் பார்த்தார். லத்தீப் உள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனையைப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு, நாளைக்குப் பட்டியலைப் பார்ப்போம் என்று சொல்லிப் போய்விட்டார்.

நேரம் முடிந்து மஜீத் நல்லபடி வெளியே வந்தான். வந்ததும் புத்தகத்தைப் பார்த்தான். நான் எழுதியிருந்தது இதுதான்: வைத்தியம், வலது தோள்மூட்டு, தரிப்பு மேலிருந்து வந்த கட்டளையால் வெட்டப்பட்டது.

ட்ரெயினிங் என்று எழுதுவது எனக்கு லேசு. எழுதியிருந்தால் அடுத்தவன் நோவும் ட்ரெயினிங் ஆகியிருக்கும். கயிறு இழுத்த கதையும் மறைந்திருக்கும். ஆனால் மூன்று பிள்ளைகளின் தகப்பனுக்கு இந்த நியாயம் எதற்கு? அவன் என்னோடு கதைக்காமல் போனான். அவன் கோபம் சரி. நான் எழுதியதும் சரி.

5. குழாயடியில்

மறுநாள் மனேஜர் பட்டியலோடு குழாயடிக்கே வந்தார். எட்டுப் பேரும் நின்றார்கள். மஜீதின் பெயரை வாசித்தார். அவர் வெட்டுவதற்கு முன் லத்தீப் முன்னுக்கு வந்தான்.

"என்ர பேரையும் வெட்டுங்க சேர். எனக்கு முழங்கால் நோகுது."

அடுத்தவன் முழங்கை என்றான். அதற்கடுத்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரி என்றான். இப்படியே வரிசையாகச் சொன்னார்கள். கடைசியாக நின்ற மூதூர்க்காரன் சொன்னான்: "எனக்கு ஒண்டும் நோகல்ல சேர். ஆனா இவங்க இல்லாம தனியக் கடலுக்க போகப் பயமா இருக்கு. பயமும் ஒரு நோவுதானே."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் பின்னேரம் துறையடியில் தாங்களாகவே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். மனேஜர் பட்டியலைப் பார்த்தார். ஜெட்டியில் நின்ற கிரேனைப் பார்த்தார். ஒருவன் பெயரையும் வெட்டாமல் போனார். ஸ்டோர் கதவிலிருந்த கடதாசி அன்று பின்னேரமே காணாமல் போனது. யார் கிழித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

லத்தீபின் முழங்கால் பொய். ஆனால் அந்த வரிசையில் வேறு இரண்டு பேருக்கு நோவு உண்மை என்று பிறகு தெரிந்தது. கிழமைக் கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு என் மூக்குக்கும் தப்பி இறங்கியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை.

அதன் பிறகு எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வராமல் போகட்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நோவைச் சொல்லுங்கள். சொன்னதற்காகப் பெயரை வெட்டுகிற இடம் என்றால் தனியாக நின்று சொல்லாதீர்கள், எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள். மேலே இருப்பவன் எவன் திறக்கச் சொன்னாலும், வால்வில் நிற்கிறவன் பேனையை நீட்டட்டும்.

துறைமுக டொக்டர் சொன்ன நாள் முடியும்வரை மஜீத் கரையில் நின்று, பிறகு கடலுக்குத் திரும்பினான். என்னோடு மட்டும் கதைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள், ஜெட்டியிலிருந்து நேரே, ஈரம் காயாமல் சேம்பர் கதவடிக்கு வந்து நின்றான். நான் கேட்கும் முன்பே தலையைக் குனிந்து காட்டினான்.

"மோந்து பாருங்க மாஸ்டர். தோள் நோகுது. எண்ணெய் பூசல்ல."

மோந்து பார்த்தேன். உப்பு மட்டும்தான் மணத்தது. பருத்திச் சாரத்தைக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.