கவியாவின் வயிறு

விளக்கு வைக்கும் நேரம் ஆனால் போதும், நாற்பது நாள் குழந்தை கவியா முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீறிட்டு அழுவாள். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவே எட்டிப் பார்க்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று குழந்தையின் தாய் கீதாஞ்சலியிடம் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மாமியார் கலியம்மாள் வசம்பைச் சுட்டு இழைத்து, நாக்கில் தடவ விரலை நீட்டிவிட்டார். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரி சஸ்மிதா கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"அம்மா, அது என்ன மருந்து?" என்று கேட்டாள் சஸ்மிதா.

"வெளக்கு வச்சப்புறம் அது பேரச் சொல்லக் கூடாதுடி."

கீதாஞ்சலி மாமியாரின் விரலையே பார்த்தாள். தடுத்தால் மாமியார் முகம் சுண்டிப்போகும். விட்டால் குழந்தைக்கு என்ன ஆகுமோ?

"அத்தை, நாக்குல வேணாம். தொப்புளச் சுத்திப் போடுங்களேன். எங்கம்மா அப்படித்தான் போடுவாங்க."

"ஒங்கம்மா ஊட்டுல எல்லாமே தலைகீழு" என்று முணுமுணுத்தாலும், கலியம்மாளின் விரல் வயிற்றுக்கு இறங்கியது. சஸ்மிதா எண்ணெய்க் கையைச் சூடு பறக்கத் தேய்த்து, குழந்தையின் கால்களை நீவி, மெதுவாக மடக்கினாள்.

"மொள்ளடி! அதென்ன சைக்கிள் பெடலா?"

கவியாவுக்கு ஊரைக் கூட்டும் சத்தத்தோடு காற்றுப் பிரிந்தது. அழுகை நின்றது.

"எம் மருந்து" என்றார் கலியம்மாள்.

"என் எண்ணெய்" என்றாள் சஸ்மிதா.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்ட கீதாஞ்சலிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "நாளைக்கும் ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றாள்.