லேசான காருக்கு அகல டயர் கேட்டேன்

ஞாயிறு ஸ்பிரின்ட் பந்தயம். ஒரே சுற்றுதான். என் குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு இருப்பதிலேயே அகலமான டயர் வேண்டும் என்று இன்று சிலிபினில் இருக்கும் டயர் கடை அக்காவிடம் கேட்டேன்.

அக்கா ஒற்றைக் கையால் காரைத் தள்ளினார். அது உருண்டுவிட்டது.

"இம்புட்டு லேசா இருக்கு. அகல டயரு சூடேறி ரோட்டப் புடிக்கிறதுக்குள்ள உன் ரேஸு முடிஞ்சிரும்லா தம்பி."

அகலம் குறைந்த, மிருதுவான டயர்களை மாட்டினார். காற்றையும் கொஞ்சம் குறைத்தார். கடைசியில் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"இது எதுக்குக்கா?"

"ஜெயிச்சா என் டயருன்னு சொல்லு. தோத்தா பழம் சின்னதுன்னு சொல்லு."

பழங்களை நசுக்கிவிட்டு பக்கத்து ஊரான லகாட் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் கார் சாலையைக் கவ்விக்கொண்டது.

இருந்தாலும், ஞாயிறு பந்தயம் பார்க்க வருகிறவர்கள் பெரிய பழமாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.