அம்மன் பேரில் எழுதிய பத்திரம்

அந்தப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. சிரம்பான் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஒரு தெய்வம் எப்படி நிலம் வாங்கும்?" என்று சிரித்தபோதும் வெட்கப்படவில்லை. கோபம்தான் வந்தது.

நடந்தது இதுதான். மந்தினுக்கும் நீலாய்க்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை அதன் நிறுவனம் விற்கப்போகிறது என்று பேச்சு வந்தது. கோயில் நிற்கும் இடத்தை மட்டுமாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மானேஜரிடம் போய் நின்றோம். அவர் நல்ல மனிதர், திருவிழாப் பந்தியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். மேலிடத்தில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். நான் அப்போது தோட்ட ஆபீசில் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். "யார் பேருக்கு எழுதணும், சொல்லுங்க" என்று கோயில் கமிட்டியைக் கேட்டேன். அங்கேதான் வந்தது வினை.

தொழிலாளர் வீட்டு வரிசைகளை லயம் என்போம், எங்களுக்கு மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு. மேல் லயத்துக்காரர் ஒருவர் பேரைச் சொன்னால் கீழ் லயத்துக்காரர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். கீழ் லயத்துக்காரர் பேர் என்றால் மேல் லயம் எழுந்து வெளியே போய்விடும். "நாளைக்கு இவன் மகன் வந்து, இது எங்கப்பன் நெலம்னு சொல்லமாட்டான்னு என்னா நிச்சயம்?" என்று நேருக்கு நேராகவே கேட்டார்கள். மானேஜரோ ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி முட்டிக்கொண்டால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழி உண்டு. பொதுவில் வாங்கிய அண்டா, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் அம்மன் பேரில்தான் இருக்கும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகும், யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. "சாமி பேர்லயே போட்டுருங்க லா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சரி என்றார்கள். அந்தக் கமிட்டி ஒரே குரலில் சரி என்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த நிலம் தோட்டத்து மாரியம்மனுக்குக் கொடுக்கப்படுகிறது என்று அடித்துக் கொடுத்தேன். கீழே மானேஜரும் கமிட்டிக்காரர்களும் கையெழுத்திட்டார்கள்.

தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள். பிறகு, வாங்கிய வீடமைப்பு நிறுவனம் கோயிலைக் காலி செய்யச் சொன்னது. பத்திரத்தைக் காட்டினோம். அதில் நிலத்தைப் பெறுகிறவர் என்று ஓர் ஆளே இல்லை, அது வெறும் காகிதம் என்று வழக்குப் போட்டுவிட்டார்கள்.

என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கோயிலுக்குப் பூசாரி அவர்தான். பிழைப்புக்கு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தோட்டத்துச் சனங்களில் மற்றவர்கள் சிரம்பான், போர்டிக்சன் என்று வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திருவிழாவுக்கு வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். இவர்தான் தினமும் வேலைக்குப் போகும் முன்னால் கோயிலுக்குப் போய்க் கூட்டி, கழுவி, விளக்குப் போடுவார். கோயிலை இடித்தால் இந்த மனுஷன் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரோ எதைக் கேட்டாலும் "ஆத்தா பாத்துக்குவா" என்பார்.

"ஆத்தாவே பாத்துக்கிட்டா லாயர் எதுக்கு? பேசாம கார எடுங்க" என்று அதட்டிக் கூட்டிப்போனேன்.

எங்கள் வழக்கறிஞர் சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. "அக்கா, ஒரு பத்திரத்த ரெண்டு விதமா படிக்கலாம்னு வைங்க. ஒரு விதமா படிச்சா செல்லாமப் போயிரும், இன்னொரு விதமா படிச்சா நிக்கும். நிக்கிற மாதிரி படிக்கத்தான் கோர்ட் பாக்கும். ஆனா எழுதுனவங்க மனசுல என்னா இருந்துச்சுன்னு நாமதான் காட்டணும்" என்றாள்.

"அத என்கிட்ட விடு" என்றேன்.

சாட்சிக் கூண்டில் மலாய் மொழியில்தான் பேசினேன். தெய்வம் கையெழுத்துப் போடாது என்று தெரியாதா என்று கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். "தெரியும். அதனாலதான் கமிட்டிக்காரங்க போட்டாங்க" என்றேன். பிறகு அந்த அண்டா கதையைச் சொன்னேன். அவர் ஆட்சேபித்துக் குறுக்கிட்டார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அம்மன் பேரில் உள்ள அண்டா உடைந்தால் யார் பழுது பார்ப்பது?"

"கமிட்டி, யாங் அரிஃப்" என்றேன். நீதிபதியை அங்கே அப்படித்தான் அழைக்கவேண்டும்.

"தொலைந்தால்?"

"தொலைச்சவங்க வாங்கி வைக்கணும். வைக்காம விடமாட்டோம்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதியும் சிரித்தார். "அப்படியானால் அம்மன் பேரில் என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தமா?"

"ஐயோ, இல்ல! தனியா ஒருத்தருக்கு இல்ல. எங்க எல்லாருக்கும்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஒரு நிறுவனம் வேலை மெனக்கெட்டு யாருக்குமில்லாமல் நிலத்தைக் கொடுக்காது என்றார் நீதிபதி. கொடுத்தவர்கள் கோயில் நிலத்தைச் சுற்றி வேலி போட்டு ஒதுங்கினார்கள், தோட்டத்தை வாங்கியவர்கள் பத்திரத்தைப் பார்த்த பிறகே வாங்கினார்கள் என்றார். காகிதத்தில் ஓட்டை தேடுவது நீதிமன்றத்தின் வேலையல்ல, மாரியம்மனுக்கு என்பதை அம்மனை வழிபடுகிற மக்களுக்கு என்று படிக்கவேண்டும், அவர்கள் சார்பில் கமிட்டி அதை வைத்திருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், யார் பார்த்தால் என்ன!

வெளியே ஒரே கும்மாளம். சிரம்பானிலிருந்தும் போர்டிக்சனிலிருந்தும் வந்தவர்கள் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மட்டும் ஒதுங்கி நின்றார்.

"என்னங்க, ஜெயிச்சாச்சு!" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "நெலம் நம்ம எல்லாருக்கும்னு சொல்லிட்டாங்க, அப்படித்தானே?"

"ஆமாண்ணே!" என்று கத்தினார்கள்.

"இத்தன வருஷமா ஆத்தா கோயில்னு சொல்லி என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க. நான் ஒண்ணும் கேக்கல. இப்ப கோர்ட்டே சொல்லிருச்சு, அது உங்க கோயிலாம். நாளைக்குக் காலையில கூட்ட யாரு வர்றீங்க?"

தூக்கிய ஃபோன்கள் இறங்கின. கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார், எப்போதும்போல நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. நான் என் கணவர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்களே பதில் சொல்லட்டும்.